முட்டியில் பள்ளமா, தேய்மானமா? துளைவழி குருத்தெலும்பு சிகிச்சை யாருக்குக் கைகொடுக்கும்

ஸ்கூடாய்: விடிவதற்கு முன்பே ஸ்கூடாய் சாலைகள் விழித்துக்கொள்கின்றன. தாமான் யுனிவர்சிட்டி, முத்தியாரா ரினி, தாமான் உங்கு துன் அமினா போன்ற குடியிருப்புகளிலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்களில் பல உட்லண்ட்ஸ் பக்கமும் துவாஸ் பக்கமும் சிங்கப்பூரை நோக்கிப் போகின்றன. அதே நேரத்தில் கூலாய், லாயாங் லாயாங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களும் உதிரிப்பழம் பொறுக்குபவர்களும் வேலைக்கு இறங்குகிறார்கள்.

இந்த இரு தரப்பினருக்கும் முழங்கால்தான் முதல். மழையில் வழுக்கி மோட்டார் சைக்கிளோடு விழும்போது முதலில் தரையில் மோதுவது முட்டி. மேடு பள்ளமான தோட்டத்தில் தள்ளுவண்டியோடு கால் மடங்கும்போது முறுக்கிக்கொள்வதும் முட்டி. இருபது, முப்பது ஆண்டுகள் குனிந்து, குந்தி, சுமந்து உழைத்தவர்களுக்கு முதுமையில் முதலில் வலிப்பதும் அதுவே.

அண்மைக் காலமாக முட்டி வலிக்காரர்களின் காதில் சில புதிய சொற்கள் விழுகின்றன. “ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளரும்”, “ஆபரேஷன் இல்லாமலே சரி செய்யலாம்”, “சின்ன ஓட்டை போட்டு முடித்துவிடுவார்கள்” என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. இவற்றில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் ஊழியர் சேமநிதியில் சேர்த்து வைத்த பணம் வீணாகலாம். அதைவிட மோசம், காலத்தோடு சிகிச்சை பெற்றிருக்க வேண்டிய இளம் வயதினர் வாய்ப்பைத் தவறவிடலாம்.

குருத்தெலும்பு ஏன் தானாக ஆறுவதில்லை?

முழங்காலில் தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்பின் முனையைப் போர்த்தியபடி வெண்மையான, வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். மீதி கொலாஜன் என்ற புரத நாரும், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வேறு சில பொருள்களும். நாம் கால் ஊன்றும்போது அது சற்றே அமுங்கி, காலைத் தூக்கும்போது மீண்டும் உப்புகிறது. ஒரு நாளில் பல ஆயிரம் முறை இது நடக்கிறது.

இந்தப் படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. கையில் கத்தி பட்டால் இரத்தம் வந்து, உறைந்து, புதுத் தோல் வளர்கிறது. குருத்தெலும்பு கிழிந்தால் இரத்தம் வருவதில்லை. அதனால் ஆற்றும் அணுக்களும் அந்த இடத்துக்கு வருவதில்லை. நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் வலியும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கெட்டுப்போன குருத்தெலும்பு மறுபடி பழைய நிலைக்கு வருவதில்லை என்பதை வில்லியம் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே லண்டனில் எழுதி வைத்தார். இன்றுவரை மருத்துவர்கள் போராடுவது இந்த ஒரு உண்மையோடுதான்.

இரண்டு விதமான பாதிப்பு

ஸ்கூடாய்வாசிகளுக்குச் சாலையைச் சொன்னால் எளிதில் புரியும். நல்ல தார்ச்சாலையில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். சுற்றிலும் சாலை உறுதியாகவே இருக்கும். அந்தப் பள்ளத்தை அடைத்தால் போதும். வேறொரு சாலையில் தார் முழுவதும் தேய்ந்து கல் எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு குழியை மட்டும் அடைத்துப் பயனில்லை.

முழங்காலிலும் இப்படித்தான். விழுந்ததாலோ, பந்து விளையாடும்போது முறுக்கியதாலோ குருத்தெலும்பில் ஓரிடம் மட்டும் பெயர்ந்து போவது முதல் வகை. இது பெரும்பாலும் இளம் வயதினருக்கும் நடுத்தர வயதினருக்கும் வருவது. மூட்டு முழுவதும் மெல்லத் தேய்ந்து, எலும்பின் ஓரங்களில் முள் போல வளர்ந்து, கால் வளைந்து போவது இரண்டாவது வகை. இதைத்தான் மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை.

துளைவழி குருத்தெலும்புச் சிகிச்சைகள் உருவாக்கப்பட்டது முக்கியமாக முதல் வகைக்கு. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், கேள்விப்படும் விளம்பரங்களில் பாதியை எடைபோட்டுவிடலாம்.

துளைவழி என்றால் என்ன?

முன்பெல்லாம் முழங்காலுக்குள் பார்க்க வேண்டுமானால் தோலையும் தசையையும் நீளமாக வெட்டித் திறக்க வேண்டும். 1918-இல் தோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழியில் வந்த மசாகி வத்தானபே அந்தக் கருவியை மேம்படுத்தி, 1962-இல் கிழிந்த சவ்வின் ஒரு பகுதியைத் துளைவழியாகவே வெட்டி எடுத்தார்.

இன்று ஆர்த்ரோஸ்கோப்பி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது இதுதான். முட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள் போடப்படும். ஒன்றில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமரா குழாய் நுழையும். உப்புநீர் செலுத்தப்பட்டு மூட்டு விரிக்கப்படும். மற்றத் துளை வழியாகக் கருவிகள் போகும். மருத்துவர் திரையைப் பார்த்தபடி வேலை செய்வார். வெட்டு சிறியது என்பதால் இரத்தப்போக்கும் கிருமித் தொற்று அபாயமும் குறைவு. பலர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை சிறியது என்பதால் குணமாகும் காலமும் சிறியது என்று பொருளல்ல. தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே குருத்தெலும்பு உருவாக மாதக்கணக்கில் ஆகும்.

பள்ளத்தை அடைக்கும் வழிகள்

முதல் வழி, எலும்பில் நுண்துளை போடுவது. குருத்தெலும்பில் இரத்தம் இல்லை. ஆனால் அதற்குக் கீழே உள்ள எலும்பில் இருக்கிறது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, அடியில் உள்ள எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் போட்டால், மச்சையிலிருந்து இரத்தமும் குருத்தணுக்களும் ஊறி வந்து பள்ளத்தை நிரப்பும். இரத்தம் உறைந்து, மெல்ல ஒரு படலமாக மாறும். துளையிடும் எண்ணத்தைப் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கென்னத் பிரிடி 1959-லேயே முன்வைத்தார். 1980-களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் அதைத் துளைவழிச் சிகிச்சையாகச் செம்மைப்படுத்திப் பரவச் செய்தார்.

இது எளிது, செலவும் ஒப்பளவில் குறைவு. குறை என்னவென்றால், இப்படி வளர்வது பெரும்பாலும் அசல் குருத்தெலும்பு அல்ல. தழும்பு போன்ற நார்க் குருத்தெலும்பு. முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்து, பிறகு பலருக்குப் பலன் குறைகிறது. அதனால் ஏறக்குறைய 2 சதுர சென்டிமீட்டருக்குள், அதாவது 5 சென் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய பள்ளங்களுக்கே இது அதிகம் பொருந்தும்.

இரண்டாவது வழி, ஒட்டுப் போடுவது. முழங்காலிலேயே அதிகம் பாரம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்ந்த சிறு உருளைகளாகக் குருத்தெலும்பை எடுத்து, பள்ளத்தில் பக்கம் பக்கமாக நடுவார்கள். ஹங்கேரியின் லாஸ்லோ ஹங்கோடி 1990-களின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கினார். இதில் கிடைப்பது அசல் குருத்தெலும்பு. ஆனால் எடுத்த இடத்தில் வலி வரலாம். எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு.

மூன்றாவது வழி, நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கித் திருப்பி வைப்பது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் குழுவினர் 1987-இல் இதை முதன்முதலாக மனிதரிடம் செய்தார்கள். 23 நோயாளிகளின் முடிவுகளை 1994-இல் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. தொடக்கத்தில் முட்டியை நன்றாகத் திறந்துதான் இதைச் செய்ய வேண்டியிருந்தது. இப்போது அணுக்களை மெல்லிய ஒரு விரிப்பில் பதியவைத்து ஒட்டும் முறை வந்துவிட்டது. அந்த விரிப்பைத் துளைவழியாகவே வைக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024-இல் அனுமதி வழங்கியது. பெரிய பள்ளங்களுக்கு இது பொருந்தும். ஆனால் இரண்டு முறை சிகிச்சை அறைக்குப் போக வேண்டும். ஆய்வகச் செலவும் மிக அதிகம்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கண்டறிந்தவை

இந்தத் துறையில் உலகம் கவனித்த ஆய்வுகளில் சில நமக்கு அருகிலேயே நடந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

கோலாலம்பூர் விளையாட்டு மருத்துவ மையத்தைச் சேர்ந்த டாக்டர் சாவ் காய் யோங் தலைமையிலான குழு, நுண்துளை போடும் முறையோடு வேறொன்றைச் சேர்த்தது. நோயாளிக்கு ஊசி மருந்து கொடுத்து, மச்சையில் இருக்கும் குருத்தணுக்களை இரத்த ஓட்டத்துக்கு வரவழைப்பார்கள். இரத்தத் தானம் போல, இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் செலுத்தி அந்த அணுக்களைப் பிரித்தெடுத்துச் சேமிப்பார்கள். துளையிட்ட பிறகு, ஹயலுரோனிக் அமிலம் என்ற வழவழப்புத் திரவத்தோடு சேர்த்து வாரம் ஒரு முறை மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்துவார்கள்.

2011-இல் இக்குழு ஐந்து நோயாளிகளின் முட்டியிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. வளர்ந்திருந்தது அசல் குருத்தெலும்பை ஒத்திருந்தது என்று அறிவித்தது. 2013-இல் 50 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆய்வு வெளியானது. ஒரு குழுவுக்குத் துளையோடு வழவழப்புத் திரவம் மட்டும். மற்றொரு குழுவுக்குக் குருத்தணுவும் சேர்த்து. குருத்தணு பெற்றவர்களின் எம்.ஆர்.ஐ. படமும், எடுத்த மாதிரியும் தெளிவாக மேலாக இருந்தன.

ஆனால் கால் எப்படி இயங்குகிறது, வலி எவ்வளவு என்று நோயாளிகளிடமே கேட்டுக் கணக்கிட்ட மதிப்பெண், இரண்டு ஆண்டு முடிவில் ஒரு குழுவுக்கு 71.1, மற்றதற்கு 74.8. புள்ளியியல் கணக்குப்படி இது வேறுபாடு அல்ல. படத்தில் நன்றாகத் தெரிவது வேறு, நடக்கும்போது நன்றாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதே குழு 2021-இல் 69 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. 3 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 20 சென் நாணயம் அளவுக்கும் அதற்கு மேலும் பள்ளம் இருந்தவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். வழவழப்பு ஊசியும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் மட்டும் பெற்றவர்களைவிட, துளையும் குருத்தணு ஊசியும் பெற்றவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டனர். இதில் கலந்துகொண்டவர்களின் வயது 22 முதல் 55 வரை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கால் வளைந்து, மூட்டின் உட்பக்கம் மட்டும் கெட்டிருந்த 56 பேரைப் பற்றியது. எல்லாருக்கும் முதலில் எலும்பை வெட்டி வளைவை நேராக்கினார்கள், நுண்துளையும் போட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு, மச்சையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிய குருத்தணுக்கள் ஊசியாகக் கொடுக்கப்பட்டன. அவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வளைவை முதலில் சரிசெய்தார்கள் என்பதே இங்கு முக்கியம். வண்டிச் சக்கரம் கோணலாக இருக்கும்போது டயரை மட்டும் மாற்றினால், புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எதிலும் வெறும் ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. துளைவழிச் சிகிச்சையோ எலும்பை நேராக்கும் சிகிச்சையோ முதலில் நடந்தது. அதன்பிறகே ஊசி. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி.

தேய்ந்த முட்டிக்கு இவை உதவுமா?

இங்குதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அறுபது வயதுத் தாய்க்கு மூட்டு முழுவதும் தேய்ந்திருக்கும். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு “குருத்தெலும்பு வளரும் ஊசி” வாங்கிக் கொடுப்பார்கள். பாசத்தில் குறையில்லை. சான்று என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹியூஸ்டனில் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு பிரபலமானது. சிலருக்குத் துளைவழியாக மூட்டைக் கழுவினார்கள். சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னும் சிலருக்குத் தோலில் மட்டும் கீறிவிட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தையல் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் வலியில் வேறுபாடு இல்லை.

சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி நம் ஊரிலும் பரவலாகப் பேசப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பி.ஆர்.பி. ஊசி பெற்றவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கும் ஓராண்டு முடிவில் வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் நானூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், பல வகை உயிரணு ஊசிகள் சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட ஓராண்டு முடிவில் மேலாக இல்லை.

இந்த ஊசிகளுக்குப் பிறகு வலி குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி குறைந்தது. கேள்வி, அந்த நிவாரணத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்க வேண்டுமா என்பதுதான். தேய்ந்த மூட்டில் புதுக் குருத்தெலும்பு வளரும் என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு எந்த ஊசியும், எந்தத் துளையும் கிருமித் தொற்று அபாயத்தைக் கூட்டும். எனவே மருத்துவரிடம் இதை மறைக்கக் கூடாது.

தேய்மானத்துக்குப் பலனளிப்பவை

செலவில்லாத சிகிச்சைகளுக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ மிச்சம். ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறோம் என்று கணக்குப் போட்டால் இதன் அருமை தெரியும்.

அடுத்தது தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில விநாடிகள் நிறுத்தி மெல்ல இறக்குவது. படுத்தபடி காலை மடக்காமல் தூக்குவது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒரு முறை காட்டிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். தொடைத் தசை வலுவானால் முட்டியின் பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும். வலிக்கிறது என்று முழுதாக ஓய்வெடுத்தால் தசை இளைத்து, வலி கூடத்தான் செய்யும்.

குந்தி உட்காரும் கழிவறை, தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்வது, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சமைப்பது ஆகியவற்றைக் குறைக்கலாம். கோயிலில் நாற்காலி கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி, நூறடி நடக்க முடியாத நிலை என்றால், மூட்டு மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. அதை நினைத்துப் பயப்படுபவர்கள் அதிகம். ஆனால் 2019-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறக்குறைய 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. ஊசிக்கு மேல் ஊசி போட்டு ஆண்டுகளைக் கழிப்பதைவிட, தக்க நேரத்தில் இதைச் செய்துகொள்வது சிலருக்குச் சிறந்தது.

இளம் வயதினர் தாமதிக்கக் கூடாது

தேய்மானக்காரர்கள் அவசரப்படக் கூடாது என்றால், விழுந்து அடிபட்ட இளம் வயதினர் தாமதிக்கக் கூடாது. விழுந்த சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது முட்டி திடீரென விலகிப் போவது போலிருந்தால் அது வெறும் சுளுக்கு அல்ல. எண்ணெய் போட்டு உருவினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே சவ்வோ தசைநாரோ குருத்தெலும்போ பெயர்ந்திருக்கலாம். பெயர்ந்த துண்டு மூட்டுக்குள் மிதந்து, நல்ல பகுதியையும் உரசிக் கெடுக்கும். 25 வயதில் அடைக்கக்கூடிய பள்ளம், கவனிக்காமல் விட்டால் 40 வயதில் மூட்டு முழுவதும் தேய்வதற்கு வழிவகுக்கலாம்.

வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்கூடாயிலிருந்து எங்கே தொடங்குவது?

முதல் படி அரசு சுகாதார கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவையென்றால் அங்கிருந்து ஜொகூர் பாருவில் உள்ள அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கடிதம் இல்லாமல் நேரே தனியாரிடம் போய் எல்லாச் சோதனைக்கும் பணம் கட்டுவதைவிட, முதலில் ஒரு கருத்தைப் பெறுவது நல்லது.

எக்ஸ்-ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரு எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தெரியும். நின்றபடி எடுத்தால்தான் அந்த இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகப் புலப்படும். பள்ளத்தின் அளவையும் ஆழத்தையும் அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

வேலை செய்யும்போதோ, வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ விபத்து நடந்திருந்தால், மலேசிய முதலாளியிடம் வேலை செய்யும் ஊழியர் சொக்சோ உதவி கோரலாம். 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. விபத்து பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. கிளினிக் சீட்டு, போலீஸ் புகார், விடுப்புக் கடிதம் எதையும் தூக்கிப் போடக் கூடாது. “சின்ன அடிதானே” என்று அன்றே பதிவு செய்யாமல் விட்டவர்கள், ஆறு மாதம் கழித்து முட்டி மோசமான பிறகு அந்த அடிதான் காரணம் என்று நிரூபிக்கத் திண்டாடுகிறார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த மருத்துவமனையாக இருந்தாலும், எந்த மருத்துவராக இருந்தாலும் இவற்றைக் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

என் முட்டியில் இருப்பது ஓரிடத்துப் பள்ளமா, முழுத் தேய்மானமா? பள்ளம் என்றால் எவ்வளவு பெரிது?

என் கால் வளைந்திருக்கிறதா? வளைவைச் சரிசெய்யாமல் இந்தச் சிகிச்சை நிலைக்குமா?

நீங்கள் சொல்லும் ஊசி அல்லது உயிரணுச் சிகிச்சை சுகாதார அமைச்சின் அனுமதி பெற்றதா? மலேசியாவில் உயிரணு, மரபணுச் சிகிச்சைப் பொருள்கள் 2021-ஆம் ஆண்டிலிருந்து தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையான என்.பி.ஆர்.ஏ.யின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்குவது ஏன்?

நீங்கள் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் எலும்பு மூட்டு நிபுணராகப் பதிவு பெற்றவரா? இதை எவரும் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

மொத்தச் செலவு எவ்வளவு? ஊசிகள், எம்.ஆர்.ஐ., உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் அதில் அடக்கமா?

எத்தனை வாரம் ஊன்றுகோல்? எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நுண்துளைச் சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக 6 முதல் 8 வாரம் ஊன்றுகோல் தேவைப்படும். உள்ளே உறைந்த இரத்தம் படலமாக மாறும் முன் முழுப் பாரத்தையும் ஊன்றினால் செய்தது கலைந்துவிடும். கனமான வேலைக்கும் ஓட்டத்துக்கும் திரும்ப ஆறு மாதம், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். நாள் சம்பளக்காரர் ஒருவர் குடும்பப் பொறுப்புக் காரணமாக மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பினால், செலவழித்த பணமும் பட்ட வலியும் வீண். எனவே சிகிச்சைத் தேதியைக் குறிக்கும் முன், அந்த மாதங்களில் வீட்டுச் செலவை யார் பார்ப்பது, மருத்துவ விடுப்பு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் முயற்சி கட்டுக்கதை அல்ல. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் சரியான முட்டி, சரியான வயது, நேரான கால், பொறுமையான பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் நடந்தது. முட்டி வலி என்று கிளினிக் படி ஏறும் எவரும் முதலில் கேட்க வேண்டியது எந்த ஊசி என்பதல்ல. எனக்கு இருப்பது பள்ளமா, தேய்மானமா என்பதுதான்.